மழைநீர் டிரம் நாறுகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீர் மாசி வரை தோட்டத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் மார்கழிக்குள்ளேயே மூடியைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தண்ணீர் தானாகக் கெடுவதில்லை. அதோடு உள்ளே போன இலை, பறவை எச்சம், மாடித் தூசி ஆகியவைதான் அழுகுகின்றன. அதுவும் பெரும்பாலும் தொட்டியின் அடியில்தான். அதனால் கீழே சொல்லும் எல்லா வழியிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் சேறு, அடுத்து காற்று, கடைசியில்தான் மருந்து. பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு தொடங்குகிறவர்கள் ஒரு வாரம் கழித்து அதே டப்பாவைத் தேடுவார்கள்.

இது 200 லிட்டர் நீல டிரம், 500 முதல் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், தரையடிச் சம்ப் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். தோட்டத் தண்ணீருக்கு மட்டும், குடிநீருக்கு அல்ல.

முதல் வேலை: நாற்றம் எங்கே இருக்கிறது?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளைக் கிழித்துவிடுங்கள்.

முதல் பாட்டிலில், காலையில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு வாளி அளவு ஓடவிட்டு, அதே குழாயில் இரண்டாவது பாட்டிலைப் பிடியுங்கள். மூன்றாவதில், தொட்டியைக் கலக்காமல் மேலாகக் குவளையால் மொண்டு ஊற்றுங்கள். மூன்றும் பாதி அளவுக்கு இருந்தால் போதும். மூடி போட்டு நன்றாகக் குலுக்கி, தொட்டியிலிருந்து தள்ளி வந்து திறந்து முகர்ந்து பாருங்கள். டிரம் பக்கத்திலேயே நின்று முகர்ந்தால் மூக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், வித்தியாசம் தெரியாது.

- முதல் பாட்டில் மட்டும் நாறினால்: கோளாறு குழாயில் அல்லது ஓஸில்.
- முதல் இரண்டும் நாறி, மேல்தண்ணீர் நாறாவிட்டால்: அடிச்சேறு.
- மூன்றும் நாறினால்: தொட்டி முழுவதும் காற்றில்லாமல் கெட்டிருக்கிறது.
- மூன்றிலும் வாடை இல்லை, மூடியைத் திறந்தால் மட்டும் வருகிறது என்றால்: மூடியின் உட்புறத்தையும் வழிநீர்க் குழாயையும் பாருங்கள். அந்தக் குழாய் நேராகச் சாக்கடையில் செருகியிருந்தால், சாக்கடைக் காற்றுதான் திரும்பி ஏறி வருகிறது. குழாயை வெட்டி, சாக்கடைக்கு ஒரு சாண் மேலே திறந்தபடி விடுங்கள். வாயில் கொசுவலை கட்டுங்கள்.

அடுத்து சேற்றின் கனம். நீளமான குச்சியின் நுனியில் வெள்ளைத் துணியை இறுகச் சுற்றி, மெதுவாக அடிவரை இறக்கி அப்படியே நேராக எடுங்கள். துணியில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் சேறு. 1 செ.மீ. வரை கவலை இல்லை. 2 செ.மீ.க்கு மேல் என்றால், அறிகுறி எதுவாக இருந்தாலும் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

சம்ப்பில் இந்தச் சோதனைகளைக் கயிறு கட்டிய வாளியால் மட்டும் செய்யுங்கள். மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகராதீர்கள்.

அறிகுறி 1: அழுகிய முட்டை நாற்றம்

பத்து வீட்டுப் புகாரில் ஏழெட்டு இதுதான். காற்று எட்டாத சேற்றில் இலையும் எச்சமும் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகிறது. அதன் நாற்றம் இது.

*முதல் குவளையில் மட்டும் வருகிறது*

தொட்டியைத் தொடாதீர்கள். வெயிலில் தண்ணீரோடு கிடக்கும் கறுப்பு ஓஸ்தான் முதல் குற்றவாளி. ஓஸின் ஒரு முனையைத் தூக்கி முழுக்க வடித்துவிட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே வழவழப்பு இருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, தெளிந்ததை ஓஸில் நிரப்பி, அரை மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

ஓஸ் இல்லாமலும் வந்தால், பி.வி.சி. குழாயில் எங்கோ முட்டுச்சந்து இருக்கிறது: பழைய இணைப்பை எடுத்துவிட்டு எண்ட் கேப் போட்டு மூடிய துண்டு, பயன்படுத்தாத இரண்டாவது குழாய், இப்படி ஏதாவது. அந்த எண்ட் கேப்பை வெட்டிவிட்டு, கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் ஒரு பால் வால்வு போடுங்கள். வாரம் ஒருமுறை திறந்து அரை வாளி வெளியே விட்டால் போதும். சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கும் இதுதான். ஒவ்வொரு கிளைக் குழாயின் கடைசி முனையும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

*அடிக்குழாயில் மட்டும் வருகிறது*

நல்ல செய்தி, மேல்தண்ணீரைக் காப்பாற்றலாம். ஒரு அங்குலத்தில், உள்ளே ஓடுவது தெரியும் ஒளி ஊடுருவும் ஓஸ் வாங்குங்கள். அதில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியின் அடிக்கும் மறு முனையைத் தொட்டியை விடத் தாழ்ந்த இடத்துக்கும் கொண்டுபோய் விரலை எடுங்கள். உள்முனையை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தால், தரையைப் பெருக்குவதுபோல மெதுவாக நகர்த்தலாம். வேகமாக இழுத்தால் சேறு கலங்கி மேலே ஏறிவிடும். பிறகு ஒருநாள் காத்திருக்க வேண்டியதுதான். ஓஸில் கறுப்பு நின்று தெளிந்த தண்ணீர் வரும்போது நிறுத்துங்கள். 200 லிட்டர் டிரம்மில் 20 முதல் 30 லிட்டர் போகும். அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். வாழை, தென்னை, முருங்கை அடியில் ஊற்றலாம், உரக்குழிக்கும் நல்லது.

மறுபடி வராமல் இருக்கக் குழாயின் உயரத்தைப் பாருங்கள். தரையோடு ஒட்டிக் குழாய் வைத்தால் ஒவ்வொரு முறையும் சேற்றைத்தான் குடிக்கும். அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் புதிதாகத் துளையிட்டு டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) போட்டு, எடுக்கும் குழாயை அங்கே மாற்றுங்கள். அடியில் இருக்கும் பழைய துளையை வடிகாலாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு அங்குல பால் வால்வு போதும். அரை அங்குலக் குழாயாக இருந்தால் இலைக்காம்பு ஒன்றே அடைத்துவிடும்.

*மேல், அடி, எல்லாமே நாறுகிறது*

டிரம்மாக இருந்தால் யோசிக்காதீர்கள். 200 லிட்டரைக் காப்பாற்ற மூன்று நாள் பாடுபடுவது வீண். மரங்களுக்கு ஊற்றிக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, அடுத்த மழைக்குத் தயாராக வையுங்கள். 1,000 லிட்டருக்கு மேல் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

மிதக்கும் இலைகளை வலைக்கரண்டியால் அள்ளுங்கள். மேலே சொன்னபடி சேற்றை உறிஞ்சி எடுங்கள். பிறகு காற்று. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரும் காற்றுக் கல்லும் ஒரு டிரம்முக்குத் தாங்கும். டேங்குக்கு, சின்ன நீர்மூழ்கி மோட்டாரை உள்ளே போட்டு, அதன் குழாயை மேலே தூக்கி, அதே டேங்கில் அருவி மாதிரி விழ விடுங்கள். மோட்டாரைத் தரையில் வைக்காமல் நடுவில் தொங்கவிட வேண்டும். நான்கைந்து மணி நேரம் ஓடினாலே நாற்றம் பெருமளவு போய்விடும். போகிற வாயு பக்கத்து வீட்டுக்குத்தான் போகும் என்பதால், சாப்பாட்டு நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

இதற்குப் பிறகும் லேசாக வாடை இருந்தால்தான் பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 20 கிராம். புதிய பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். திறந்து வைத்த பழைய பொட்டலத்தில் வேகமாகக் குறைந்துவிடும். இந்த 20 கிராம் கணக்கு 25 சதவீதம் என்று வைத்துப் போட்டது. வாளியில் கரைத்துக் கால் மணி நேரம் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். வலையை மட்டும் மூடி, மூடியைத் திறந்து வைத்து, 24 மணி நேரம் கழித்துச் செடிக்குப் பயன்படுத்தலாம். சேற்றை எடுக்காமல் ஊற்றினால் குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும். கிடைப்பது முட்டை நாற்றமும் பிளீச் நாற்றமும் சேர்ந்த ஒன்று. அமிலம், டாய்லெட் கிளீனர் எதையும் இதோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

மூன்று நாளில் நாற்றம் திரும்பினால் மருந்தைக் கூட்டாதீர்கள். முழுக்க இறக்கிக் கழுவுங்கள். பிறகு இந்தக் கட்டுரையின் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

*இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?*

ஊற்றலாம். அகன்ற தொட்டியிலோ வாளியிலோ ஒரு இரவு திறந்து வைத்து, மறுநாள் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்காதீர்கள். கொத்தமல்லி, புதினா போன்று பச்சையாக உண்பவற்றுக்கும் கீரைக்கும் வேண்டாம். நாற்றுத்தட்டுக்கு நிச்சயம் வேண்டாம். கெட்ட தண்ணீரில் நாற்றழுகல் சீக்கிரம் வரும், மிளகாயும் தக்காளியும் தண்டோடு சாய்ந்துவிடும்.

அறிகுறி 2: மண் வாசனை, லேசான பூஞ்சை வாடை

இது கோளாறே இல்லை. பாசியும் மண் நுண்ணுயிர்களும் விடும் வாசம். முதல் மழையில் மண்ணிலிருந்து எழுவதும் இதே வகைதான். செடிக்கு ஒன்றும் ஆகாது. மூடியின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அறிகுறி 3: தண்ணீர் பச்சையாகிறது, சுவர் வழுக்குகிறது

காரணம் வெளிச்சம். வேறெதையும் தேட வேண்டாம். பட்டப்பகலில் மூடியை இறுக மூடி, ஒரு சிறு இடுக்கு வழியே உள்ளே பாருங்கள். சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தொட்டியில் பாசி வந்தே தீரும். வெள்ளை, இளமஞ்சள் கேன்கள் எல்லாம் இப்படித்தான். நீல டிரம்மும் பழசாகி வெளிறிவிட்டால் வெளிச்சத்தை விடும்.

செலவில்லாத வழி, சாக்குப்பை சுற்றுவது. நிலைக்கக்கூடியது, வெளிப்புறம் முதலில் கறுப்பு பெயின்ட், காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும். வெள்ளை சூட்டைக் குறைக்கும். கறுப்போடு விட்டுவிட்டால் பங்குனி வெயிலில் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். சூடு கூடினால் அழுகலும் கூடும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெயின்ட் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடியுங்கள். டேங்க்மேல் பசுமை நிழல்வலைப் பந்தல் போடுவதும் உதவும்.

பச்சைத் தண்ணீர் செடிக்குக் கெடுதல் இல்லை, சொட்டுநீர்க் குழாய்க்குத்தான் கெடுதல். பாசி ஒரேயடியாகச் செத்து அடியில் படிந்தால் அறிகுறி 1 ஆரம்பமாகிவிடும். அதனால்தான் பச்சையாக இருக்கும் தொட்டியில் பிளீச் ஊற்றி ‘சுத்தமாக்குவது’ அடுத்த வாரத்து நாற்றத்துக்கு விதை போடுவது மாதிரி. முதலில் தண்ணீரைப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, காலித் தொட்டியைத் தேயுங்கள்.

அறிகுறி 4: செத்த வீச்சம்

இரண்டே நாளில் திடீரென்று ஏறும் வீச்சம். பல்லி, எலி, அணில், சில சமயம் காக்கைக் குஞ்சு. டார்ச் அடித்து மேற்பரப்பு, நுழைவுக் குழாயின் வளைவு, வடிகட்டிப் பெட்டி, வழிநீர்க் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். தொட்டியில் இல்லை என்றால் பெரும்பாலும் வடிகட்டியில்தான் இருக்கும்.

ரப்பர் கையுறை போட்டு எடுங்கள். கையில், காலில் புண் இருப்பவர்கள் இந்த வேலையைத் தொட வேண்டாம். எலி கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பல்லி ஒன்றுதான், தொட்டி 1,000 லிட்டருக்கு மேல் என்றால், எடுத்துவிட்டு மேலே சொன்ன 20 கிராம் கணக்கில் பவுடர் போட்டு, ஒருநாள் கழித்து மரங்களுக்குப் பாய்ச்சலாம். எலியோ அணிலோ என்றால் முழுவதையும் இறக்கிவிடுங்கள். காலித் தொட்டியின் சுவரை, ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி பவுடர் கலந்த தண்ணீரால் பிரஷ் போட்டுத் தேய்த்து, அரை மணி ஊறவிட்டு அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது மிச்சம் தங்கி நுரைக்கும்.

உள்ளே வந்த வழியை அடைக்காமல் விட்டால் அடுத்த மாதம் அடுத்தது விழும். மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும்.

அறிகுறி 5: சாக்கடை வாடை (சம்ப்பில்)

இதில் மட்டும் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சோதனை முடியும் வரை அந்தத் தண்ணீரைக் காய்கறிக்கு நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாடியிலிருந்து நேராக வந்த மழைநீர் சாதாரணமாக 100-க்குள் காட்டும். சுத்தமான மாடியில் 50-ஐத் தாண்டாது. புதிய சிமென்ட் சம்ப் என்றால் சுண்ணாம்பு கரைந்து கொஞ்சம் கூடலாம். 300, 400 என்று காட்டினால், மழைநீர் அல்லாத ஒன்று உள்ளே வருகிறது: நிலத்தடி நீர், போர் தண்ணீர், இல்லையென்றால் கழிவுநீர்.

எது என்று பிரிக்க, சம்ப்பின் மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்து, 24 மணி நேரம் மோட்டார் போடாமல் விடுங்கள். மழை இல்லாமலே மட்டம் ஏறினால் வெளித்தண்ணீர் உள்ளே ஊறுகிறது. இறங்கினால் விரிசல் வழியே வெளியே போகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி மட்டம் ஏறும்போது அதே விரிசல் உள்ளே விடும். மூன்றாவது சோதனை: கழிவறையில் உணவுச் சாயம் நிறையக் கரைத்து ஊற்றி, இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டு, அடுத்த இரண்டு நாள் சம்ப்புத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் வந்தால் உறுதி. வராவிட்டால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ள முடியாது; மண் வழியாக ஊறிவரும்போது சாயம் தங்கிவிடும்.

சிலர் கிருமி இருந்தால் கறுப்பாகும் சோதனைக் குப்பியை வாங்கிச் சோதிப்பார்கள். மாடித் தண்ணீரில் காக்கை எச்சமே போதும், குப்பி கறுத்துவிடும். சாக்கடையா எச்சமா என்று அது பிரித்துச் சொல்லாது.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். சம்ப்புக்குள் யாரும் இறங்கக் கூடாது. நாறும் சம்ப்பில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். அதனால் ‘வாடை குறைந்துவிட்டது, இறங்கலாம்’ என்பது உயிரை வாங்கும் கணக்கு. தீக்குச்சி, மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பது இந்த நச்சு வாயுவைக் காட்டாது. ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்கியவரும் விழுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வெளியிலிருந்து மோட்டாரால் இறைத்து, எந்திரத்தால் உறிஞ்சும் ஆட்களைக் கூப்பிடுங்கள். காற்றூதி, வாயு அளக்கும் கருவி, இடுப்புக் கயிறு, மேலே நிற்க ஆள் இவை இல்லாமல் ‘நான் பார்த்துக்கிறேன் சார்’ என்று இறங்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

விரிசல் அடைப்பு கட்டட ஆளின் வேலை. உள்ளே பூசினால் மட்டும் போதுமா, செப்டிக் டேங்க்கே கசிகிறதா என்பதை அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். செப்டிக் கசிவு என்றால் சம்ப்புக்குப் பூசும் பணம் வீண்.

அறிகுறி 6: தேநீர் நிறம்

வேம்பு, பாதாம், புளி, மா இலை ஊறிய சாயம். வாடை இல்லை என்றால் அப்படியே பயன்படுத்தலாம். நிறத்தை எடுக்கப் படிகாரம் போடுகிறார்கள். மழைநீரில் காரத்தன்மை மிகக் குறைவு என்பதால் படிகாரம் சரியாகத் திரளாது, தண்ணீர் புளிப்பாவதுதான் மிச்சம். தேற்றாங்கொட்டை இழைத்துப் போடுவது கலங்கலைத் தெளியவைக்கும் நல்ல பழைய முறைதான். ஆனால் கரைந்த சாயத்தையும் நாற்றத்தையும் அது எடுக்காது. மழைக்கு முன் மாடியையும் மழைநீர்க் குழாயின் வாயையும் பெருக்குவதுதான் இதற்கு மருந்து.

அறிகுறி 7: நெளியும் புழுக்கள்

ஒரு குவளையை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். துள்ளி நெளிந்து மேலே வந்து தலைகீழாகத் தொங்கினால் கொசுப்புழு. கால்புள்ளி போல வளைந்து துள்ளினால் கூட்டுப்புழு. இரண்டு நாளில் பறந்துவிடும். நம் வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான்.

வலை கட்டியும் வருகிறது என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பார்க்க வேண்டிய இடங்கள்: வழிநீர்க் குழாயின் வாய், மழைநீர்க் குழாய் மூடியில் நுழையும் துளையைச் சுற்றிய இடைவெளி, வலையே தொங்கித் தண்ணீரைத் தொடும் இடம் (கொசு வலை வழியாகவே முட்டையிட்டுவிடும்), மூடியின் மேல்பள்ளத்தில் நிற்கும் ஒரு கையளவு தண்ணீர். வலையின் கண் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பழைய நைலான் புடவையை இரட்டையாக மடித்து சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கினாலும் போதும்.

வலை சரியாக இருந்தும் வந்தால் முட்டை ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டை ஒட்டும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் டிரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

காலி செய்ய முடியாத தொட்டிக்கு பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்து, உறையில் உள்ள அளவில். செடிக்கும் மீனுக்கும் தீங்கில்லை. திறந்த சிமென்ட் தொட்டி என்றால் ஏழெட்டுக் கப்பி மீன் போதும். மூடிய டிரம்மில் மீன் விடாதீர்கள். சூட்டில் செத்து, அறிகுறி 4-க்குக் கொண்டுபோய் விடும். மண்ணெண்ணெய் ஊற்றினால் புழு சாகும், அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகாது.

அறிகுறி 8: மேலே வானவில் படலம், பெயின்ட் அல்லது மருந்து வாடை

படலத்தைக் குச்சியால் கீறுங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்பு நுண்ணுயிர்ப் படலம், பயமில்லை. உடனே கூடிச் சேர்ந்தால் எண்ணெய். மோட்டார் கசிவையும் டிரம்மின் பழைய வாழ்க்கையையும் விசாரியுங்கள்.

பழைய டிரம் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று லேபிள் இல்லாமல் நம்பக் கூடாது. பழச்சாறு, சமையல் எண்ணெய், சர்க்கரைப் பாகு இருந்தவை கழுவினால் சரியாகும். பூச்சிமருந்து, கரைப்பான், சாயம் இருந்தவை எத்தனை முறை கழுவினாலும் ஆகாது, பிளாஸ்டிக்கே உறிஞ்சியிருக்கும். சோதனை: டிரம்மைக் காய வைத்து, மூடி, ஒரு முழுநாள் வெயிலில் விட்டுத் திறந்து முகருங்கள். மருந்து வாடை வந்தால் அந்த டிரம் குப்பை போடக்கூட லாயக்கில்லை.

மாடியில் புதிதாக நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சோ வெள்ளை வெப்பத்தடுப்பு பெயின்ட்டோ அடித்திருந்தால், முதல் இரண்டு மூன்று நல்ல மழைகளைப் பிடிக்காமல் விடுங்கள்.

அறிகுறி 9: வாடை இல்லை, ஆனால் புதுத் தளிர் மஞ்சளாகிறது

புதிய சிமென்ட் சம்ப் அல்லது தொட்டி என்றால் உரம் வாங்கும் முன், தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாள் வாங்குங்கள். மழைநீர் இயல்பிலேயே லேசான அமிலம், 5.6 அளவில் இருக்கும். புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து 9, 10-க்கு ஏறிவிடும். நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாகத் தெரிவது, காரத்தால் இரும்புச் சத்து கிடைக்காத அடையாளம். தொட்டியை நிரப்பி ஒரு வாரம் வைத்து இறக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் குறையும். சுண்ணாம்பு வெள்ளையடித்த தொட்டிக்கும் இதே கதைதான்.

அறிகுறி 10: கழுவினேன், பத்து நாளில் மறுபடி நாறுகிறது

தொட்டி சுத்தம். உள்ளே வருவதுதான் அசுத்தம். மாடியிலிருந்து கீழே வரிசையாக வாருங்கள்.

மாடி. புறா உட்காரும் மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், உலர்ந்த பாசி. தீபாவளி மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. மறுநாள் காலை மாடியைப் பெருக்காமல் விட்டால் வெடித்தாளும் மருந்துச் சாம்பலும் நேராகத் தொட்டிக்குள். மாடியில் துணி துவைக்கும் வீட்டில் சோப்புத் தண்ணீர் அதே குழாயில் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

முதல் மழை ஒதுக்கி, அதாவது மழையின் முதல் அழுக்குத் தண்ணீரைத் தொட்டிக்குப் போகாமல் தனியே பிடிக்கும் குழாய் அல்லது டிரம். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். மூன்று நாளுக்கு மேல் வெயில் அடித்த பிறகு வரும் மழையில் முதல் 2 மி.மீ.யை ஒதுக்க வேண்டும். 600 சதுர அடி மாடி சுமார் 56 சதுர மீட்டர். ஒதுக்க வேண்டியது ஏறத்தாழ 110 லிட்டர். கடையில் விற்கும் ஒரு மீட்டர் நான்கு அங்குலக் குழாய் பிடிப்பது 8 லிட்டர்தான்! அதை மாட்டிவிட்டு ‘ஒதுக்கி இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இந்த அறிகுறிக்கு அதிகம் வருகிறார்கள். அந்த அளவு பிடிக்கும் ஒரு டிரம்மை ஒதுக்கியாக வையுங்கள்.

ஒதுக்கி சரியான அளவிலிருந்தும் நாறினால், மழை நின்ற மறுநாள் அதைத் தட்டிப் பாருங்கள். நிரம்பியே இருந்தால், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போகப் போகிறது. அடி எண்ட் கேப்பில் 2 மி.மீ. துளை இருந்தால் அரை நாளில் தானாக வடியும். ஆனால் அந்தத் துளை மணலில் சுலபமாக அடைபடும். துளைக்கு உள்பக்கம் ஒரு சிறு வலைத்துண்டு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஊசியால் குத்திவிடுங்கள்.

வடிகட்டி. மணல், கரி, கூழாங்கல் போட்ட டிரம், தண்ணீர் வடியாமல் ஊறிக் கிடந்தால் அதுவே அழுகும் தொட்டி. வடிகட்டியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் எடுங்கள். கறுத்து நாறினால் எல்லாவற்றையும் வெளியே கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். கரியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். வருடம் ஒருமுறை, புரட்டாசியில், மழைக்கு முன்.

நுழைவுக் குழாய். மேலிருந்து கொட்டினால் ஒவ்வொரு மழையும் அடிச்சேற்றைக் கலக்கும். குழாயை அடிவரை இறக்கி, கடைசியில் இரண்டு எல்போ போட்டு வாயை மேல்நோக்கித் திருப்புங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும். சேறு கலங்காது, புதுத்தண்ணீர் கொண்டுவரும் காற்றும் அடிக்குப் போய்ச் சேரும்.

இத்தனையும் பார்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க நாற்றம் விடவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம். வந்ததும் ‘தண்ணீர் நாறுது’ என்று மட்டும் சொன்னால் டேங்க்கைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லா மழைநீர்க் குழாய்களும் ஒதுக்கி வழியாகத்தான் வருகின்றனவா, குளியலறைக் கழிவு எதுவும் இந்தக் குழாயில் சேர்கிறதா, சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் வடியாமல் நிற்கும் தாழ்வு இருக்கிறதா. பழைய வீடுகளில் மேல்மாடிச் சமையலறைத் தொட்டியின் வடிகுழாயை மழைநீர்க் குழாயிலேயே கோத்திருப்பார்கள். ஒரு வாளியில் மஞ்சள் கரைத்து அந்தத் தொட்டியில் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே ஒதுக்கியின் வாயில் நின்று பாருங்கள்.